கடைசி மடிப்பு மண்

லாய் ஃபூக் சின் சத்தம் போடாமல் ஒரு காரியம் செய்து எங்கள் தெருவில் யாரும் பார்த்ததில்லை. அவர் கதவைச் சாத்தினால் எங்கள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் ஆடும். தும்மினால் எதிர்வீட்டு நாய் எழுந்து நிற்கும். எங்கள் மலேசிய ஊர் பெந்தோங்கின் கடைத்தெருவில் ஒரு கோழித் தீவனக் கடையில் முப்பத்தொரு வருஷம் மூட்டை தூக்கியவர். லாரியிலிருந்து மூட்டையைத் தோளில் வாங்கி, உள்ளே கொண்டுபோய்த் தொப்பென்று போடுவார். கொஞ்சம் மெதுவாக வைக்கக் கூடாதா என்று முதலாளி கேட்டால், "மூட்டைக்கு வலிக்காது முதலாளி, குனிஞ்சு வெச்சா எனக்குத்தான் வலிக்கும்" என்பார்.

போன வருஷம் அவர் செத்துப்போனார். துக்கம் கேட்க வந்தவர்கள் எல்லோரும் இந்தச் சத்தத்தைப் பற்றியே பேசிச் சிரித்துவிட்டுப் போனார்கள். எனக்கு ஆத்திரமாக வந்தது. அவர் சத்தமில்லாமல் செய்த ஒரே ஒரு காரியத்தை நான் பார்த்திருக்கிறேன். அதைச் சொல்லாமல் அவரைப் பற்றி என்ன சொல்லி என்ன?

நான் அரசாங்கக் கிளினிக்கில் நர்ஸ். ஊரே என்னை மிஸ்ஸி என்றுதான் கூப்பிடும், அவரும் அப்படித்தான். நான் அவரைத் தவுக்கே என்பேன். கடை முதலாளிகளைக் கூப்பிடும் பெயர் அது. மூட்டை தூக்கியவரை அப்படிக் கூப்பிட்டது முதலில் கேலிக்குத்தான். பிறகு அதுவே நிலைத்துவிட்டது. இருபத்திரண்டு வருஷம் ஒரே வேலிக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் இருந்தோம்.

அவர் மனைவி கிம் லான் மழை வந்தால் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். "அந்த மாசத்து இஞ்சி, வேறென்ன" என்பாள். பிள்ளை பெற்றவளுக்குச் சீனர்களிடம் ஒரு மாதப் பத்தியம் உண்டு. மூன்று வேளையும் இஞ்சிதான். கோழியோடு இஞ்சி, அரிசி மதுவில் இஞ்சி, குளிக்கிற வெந்நீரிலும் இஞ்சி. அதுவும் நன்றாக முற்றிக் காரமேறிய இஞ்சியாக இருக்கவேண்டும், இல்லாவிட்டால் உடம்புக்குள் காற்று புகுந்து சாகும்வரை போகாதாம். மகள் பிறந்த சமயத்தில் லாய் விவரம் தெரியாமல் வெள்ளை வெளேரென்ற இளசு இஞ்சியாகப் பார்த்து ஒரு சாக்கு வாங்கி வந்திருக்கிறார். பார்க்க அழகாக இருந்ததாம். கிம் லான் அதைத்தான் முப்பது நாளும் தின்றாள். அப்புறம் இருபத்தாறு வருஷம் ஒவ்வொரு மழைக்கும் அவருக்கு அதைச் சொல்லிக் காட்டினாள். மகள் கல்யாணத்துக்கு ஒரு வருஷம் முன்னால் சிறுநீரகம் கெட்டு இறந்துபோனாள்.

ஆகவே மகள் சியூ யீன் உண்டாகியிருக்கிறாள் என்று கோலாலம்பூரிலிருந்து போன் வந்தபோது அந்த மனுஷன் முதலில் செய்தது சாமிக்கு ஊதுபத்தி வைத்ததல்ல. பழைய தீவனக் கடைக்கு ஓடிப்போய்ப் பதினாறு வெறும் சாக்கு வாங்கிவந்தார். விதை இஞ்சி மலைமேல் ஒரு தோட்டக்காரரிடமிருந்து வந்தது. தரையில் நடலாமே என்றால், அதற்கு முன் ஒருமுறை நட்டு வாடல் நோய் கண்டு எல்லாம் கூழாகிப்போன மண் அது. சாக்குதான் வழி.

"எதுக்குத் தவுக்கே இவ்வளவு சாக்கு?" என்று வேலிக்கு மேலே கேட்டேன்.

"விக்கிறதுக்கு."

"வாங்கித் திங்கவே சோம்பேறித்தனப்படுற ஆளு, விக்கப் போறீங்களா?"

அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். பிறகு ரகசியம் என்று அவர் நினைத்துக்கொண்டிருந்த குரலில் சொன்னார். "யீனுக்கு ரெண்டாவது மாசம் மிஸ்ஸி. மூணு முடியிறவரைக்கும் வெளிய சொல்லக் கூடாது. நீங்களும் யாருகிட்டயும் மூச்சு விடாதீங்க."

எதிர்வீட்டு மூன் சிம் சைக்கிளை நிறுத்தி, "சந்தோஷம் லாய்! பேரனா பேத்தியா?" என்று கத்தினாள். அவர் முகம் போன போக்கைப் பார்த்து நான் அன்று நாள் முழுக்கச் சிரித்துக்கொண்டிருந்தேன்.

விரல் விட்டு எண்ணினார். பிள்ளை பிறக்கும்போது இஞ்சிக்கு எட்டு மாதம் ஆகியிருக்கும். பத்து மாதம் இருந்தால் நல்லது, எட்டு என்றாலும் ஒப்பேற்றிவிடலாம். ஒரு நாளும் வீணாகக் கூடாது.

அந்தச் சாக்குகளில் அடி முதல் நுனி வரை ஒரு பெரிய சிவப்புச் சேவல் அச்சடித்திருக்கும். அவர் சாக்கின் வாயைச் சட்டைக் கை மடிப்பதுபோல் வெளிப்பக்கமாக மடித்து மடித்து இறக்கினார். அடியில் ஓட்டை போட்டு, சுட்ட மண்ணும் உமிக்கரியும் மக்கிய கோழி எருவும் கலந்து ஒரு சாண் உயரத்துக்கு மட்டும் நிரப்பி, இஞ்சியைப் பதித்தார். மடித்த சாக்கில் சேவலின் கால் மட்டும் தெரிந்தது. காலை வெயில் மட்டும் படுகிற இடம் என்று மகளுடைய பழைய அறைச் சன்னலுக்குக் கீழே, சுவரோரமாகப் பலகை போட்டுப் பதினாறையும் வரிசையாக வைத்தார்.

சாக்கு இஞ்சியில் முக்கியமே மண் ஏற்றுகிற வேலைதான். ஒரேயடியாக ரொப்பினால் முளை மூச்சுத் திணறி அழுகும். போடாமல் விட்டால் இஞ்சி மேலே கிளம்பி, வெயில் பட்டுப் பச்சை பாய்ந்து, அங்கேயே நின்றுவிடும். தண்டின் அடி ரோஜா நிறத்தில் உப்பி, இஞ்சியின் தோள் மண்ணுக்கு மேலே தெரிகிற நாளில் மூன்று விரல் கனத்துக்கு மண் போடவேண்டும். அப்போது ஒரு மடிப்புப் பிரியும். போட்ட பிறகு மண் இறங்கி உட்கார, சாக்கின் விலாவில் இரண்டு கையாலும் தட்டவேண்டும். லாய் தட்டுவது தெருமுனை வரை கேட்கும்.

"யாரைப் போட்டு இந்த அடி அடிக்கிறீங்க?"

"அடிச்சாத்தான் மிஸ்ஸி உள்ள இருக்கிறது நல்லா உருளும்!"

இப்படி முதல் மடிப்பு, இரண்டாவது மடிப்பு, மூன்றாவது. சேவலுக்குத் தொடை வந்தது, வயிறு வந்தது, இறக்கை வந்தது. கோலாலம்பூரில் யீனுக்கும் வயிறு வந்துகொண்டிருந்தது. தலை தெரிய இன்னும் ஒரு மடிப்புதான் பாக்கி.

அந்தச் சமயத்தில் யீன் வந்து சேர்ந்தாள். புருஷன் வெய் கியோங்குக்கு மிரிப் பக்கம் நடுக்கடலில் எண்ணெய் எடுக்கிற மேடையில் வேலை. ஆறு வாரம் கடலில், மூன்று வாரம் கரையில். ஏழாவது மாதத்தில் தனியாக இருக்கப் பயந்து அப்பா வீட்டுக்கே வந்துவிட்டாள். பழைய அறையில், அந்தச் சன்னலோரக் கட்டிலில் படுத்தாள். கிளினிக் கார்டை என் பொறுப்பில் மாற்றிக்கொண்டோம். பிள்ளையின் அசைவைக் குறிக்கிற தாளைக் கொடுத்து நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "காலைல ஒம்பது மணிலேர்ந்து எண்ணு. பத்து தடவை அசைஞ்சதும் மணி பார்த்துக் குறி. பத்து வரலேன்னா எந்த நேரமா இருந்தாலும் வேலிகிட்ட வந்து கத்து." அவள் தலையாட்டினாள். தாளைச் சன்னல் பக்கத்தில் ஒட்டிவைத்தாள்.

மகள் வீட்டுக்குள் வந்த அன்றே லாய் மண்ணைத் தொடுவதை நிறுத்திவிட்டார்.

"என்ன தவுக்கே, இஞ்சி தோளைக் காட்டிட்டு நிக்குது?"

"தொடக் கூடாது மிஸ்ஸி. கர்ப்பிணி இருக்கிற வீட்ல ஆணி அடிக்கக் கூடாது, கட்டில நகத்தக் கூடாது, மண்ணைக் கிளறக் கூடாது. கருவுக்குக் காவலா ஒரு ஆவி இருக்கு. இன்னிக்கு அடுப்பில உக்காந்திருக்கும், நாளைக்கு வாசல்ல, நாளன்னிக்கு மண்ணுல. எங்கன்னு நமக்குத் தெரியாது. அது இருக்கிற இடத்தைக் கிளறினா, வயித்துல பிள்ளை திடுக்குன்னு துள்ளிரும். துள்ளி இசகுபிசகா விழுந்துருச்சுன்னா?"

"நீங்க இதையெல்லாம் எப்பலேர்ந்து நம்புறீங்க?"

"நான் நம்பறேனோ இல்லியோ, கிம் லான் இருந்தா விடமாட்டா" என்றார்.

அதோடு நிற்கவில்லை. செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடந்தார். கதவுக்கு இடையில் துணி வைத்துச் சாத்தினார். எங்கள் கடிகாரம் ஆடுவதை நிறுத்தியது. லாய்க்கு உடம்பு சரியில்லையா என்று தெருவில் இரண்டு பேர் என்னிடம் விசாரித்தார்கள். தும்மல் வந்தால் பின்கட்டுக்கு ஓடிப்போய், சட்டையைத் தூக்கி வாயில் அடைத்துக்கொண்டு தும்முவார்.

மண் மட்டும் போடவில்லை. மழைக்கு இருந்த மண்ணும் இறங்கியது. இஞ்சி வெளியே வந்து பச்சை பாய ஆரம்பித்தது. காய்ந்த புல்லைக் கொண்டுவந்து மேலே மூடினார். கோழிகள் வந்து கிளறிப் போட்டன. கோழியை விரட்டவும் சத்தம் போட மாட்டார், கையை மட்டும் ஆட்டுவார். அதைப் பார்க்கப் பார்க்க எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு திங்கட்கிழமை சாயங்காலம் வாயை அடக்க முடியாமல் சொல்லிவிட்டேன்.

"மலை மாதிரி மூட்டையைத் தூக்கின ஆளு ஒரு பிடி மண்ணுக்குப் பயந்து நிக்கிறீங்களே, வெக்கமா இல்ல? இப்படியே விட்டா உங்க மகளுக்கும் சந்தை இஞ்சிதான். கிம் லான் கதைதான் திரும்பவும்."

அவர் புல்லை இஞ்சிமேல் இழுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். சன்னலில் யீன் நின்றுகொண்டிருந்ததை அப்புறம்தான் கவனித்தேன். நான் என்ன பெரிய பகுத்தறிவுக்காரியா? என் மகள் உண்டாகியிருந்தபோது கிரகணத்தன்று அவளை ஓர் அறையில் போட்டுப் பூட்டி, கத்தி கத்தரிக்கோலை எல்லாம் எடுத்து ஒளித்துவைத்தவள்தான். அன்று லாய் ஒரு வார்த்தை கேலி பேசவில்லை. எங்கள் நாயை அவர் வீட்டில் கட்டி வைத்துக்கொண்டார், குரைத்து மகளைப் பயமுறுத்தக் கூடாது என்று.

அதே வாரம் வியாழக்கிழமை. நான் வேலைக்குக் கிளம்பிச் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். சன்னலிலிருந்து யீன் கூப்பிட்டாள்.

"பா, அந்த மண்ணைப் போட்டுருங்க."

லாய் துணி உலர்த்திக்கொண்டிருந்தார். "எந்த மண்ணை?"

"இஞ்சிக்கு. இப்பவே போடுங்க."

"உனக்குப் பயமா இல்லியாம்மா?"

"இல்ல. போடுங்கன்னா போடுங்களேன். நான் இங்கயே படுத்திருக்கேன்."

நான் சும்மா இருந்திருக்கலாம். "பார்த்தீங்களா, அப்பனுக்கு இல்லாத புத்தி பிள்ளைக்கு இருக்கு" என்று வேலிக்கு மேலே ஒரு வெற்றிச் சிரிப்புச் சிரித்தேன்.

அவர் மண்ணைத் தொட்டியில் கலந்துகொண்டு வந்தார். முதல் சாக்கின் முன்னால் மண்டியிட்டு, கடைசி மடிப்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரித்தார். வாளியால் அள்ளிக் கொட்டவில்லை. இரண்டு கையிலும் ஒரு பிடி மண்ணை அள்ளி, சாக்குக்குள் கையை நன்றாக இறக்கி, இஞ்சியின் மேல் வைத்துவிட்டுக் கையை எடுத்தார். மண் விழவே இல்லை, அவர் அதை வைத்தார். விலாவில் தட்டவும் இல்லை. விரலால் தடவி மட்டம் பார்த்தார். கடைத்தெருவுக்கே கேட்கிறமாதிரி மூட்டை போட்ட அதே கை.

"பா, போடறீங்களா?" உள்ளேயிருந்து யீன் கேட்டாள்.

"போட்டுக்கிட்டிருக்கேன்."

"சத்தமே இல்லியே?"

"சத்தம் வராமப் போடறேன்மா. நீ பயப்படாமத் தூங்கு."

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது பதினாறு சேவலுக்கும் தலை வந்திருந்தது. கொண்டை சிவப்பாக, அலகைத் திறந்துகொண்டு, கூவப்போகிறமாதிரி. எனக்கு அழகாகத்தான் இருந்தது.

சனிக்கிழமை காலை யீனைப் பார்க்கப் போனேன். பொதுவாக நான் உள்ளே நுழைந்ததும் அவள் பேச ஆரம்பித்துவிடுவாள். அன்று சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தாளைப் பார்த்தேன். வெள்ளி வரை எல்லா நாளும் பத்து அசைவு. சரி என்று பிள்ளையின் இதயத் துடிப்பைக் கேட்கிற கருவியை வயிற்றில் வைத்தேன். ஒரு பக்கம் கேட்கவில்லை. மறுபக்கம் வைத்தேன். மேலே வைத்தேன். முப்பது வருஷத்தில் எத்தனையோ வயிற்றில் அந்தக் குதிரை ஓட்டத்தைக் கேட்டவள் நான். கருவியில் கோளாறு என்றேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். "கோளாறு இல்ல ஆன்ட்டி" என்றாள்.

ஆஸ்பத்திரியில் ஞாயிற்றுக்கிழமை பிறந்தது. பெண். கொடி கழுத்தில் இரண்டு சுற்றுச் சுற்றியிருந்தது. கட்டைவிரலை உள்ளே மடக்கிக் கையை மூடிக்கொண்டிருந்தது. அவர்கள் வழக்கப்படி இளையவர்களின் சாவுக்குப் பெரியவர்கள் போகக் கூடாது. லாய் வாசலிலேயே நின்றார். நான்தான் துணியில் சுற்றி, சேதி கேட்டுக் கடலிலிருந்து ஓடிவந்த வெய் கியோங்கின் கையில் கொடுத்தேன்.

தெரு சும்மா இருக்குமா? மூன் சிம் தன் வாசலில் நின்று, "வியாழக்கிழமை மண்ணைக் கிளறினான், ஞாயித்துக்கிழமை போச்சு" என்று யாரிடமோ சொன்னாள். எனக்கு உச்சந்தலை வரை ஏறியது. நடுத்தெருவில் நின்று கத்தினேன். "கொடி சுத்திக்கிச்சுன்னு டாக்டர் சொல்றாரு. மண்ணு வந்தா சுத்திச்சு? வாய்க்கு வந்ததைப் பேசுனே, உன் சைக்கிளைத் தூக்கி வாய்க்கால்ல போட்டுருவேன்!" அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். திரும்பினால் லாய் அவர் வாசலில் நின்று இரண்டையும் கேட்டுக்கொண்டிருக்கிறார். என் வார்த்தை அவர் காதில் ஏறியதாகவே தெரியவில்லை.

பிள்ளை இல்லாவிட்டாலும் பெற்ற உடம்புக்கு மாதப் பத்தியம் உண்டு. வெய் கியோங் பத்து நாள் இருந்து, யாரோடும் பேசாமல் நாற்காலியில் உட்கார்ந்திருந்து, கடலுக்குத் திரும்பிப் போனான். லாய்தான் சமைத்தார். இஞ்சியைத் தட்டி, எள்ளெண்ணெயில் கருகாமல் வதக்கி, கோழி போட்டு, அரிசி மது ஊற்றி, மூன்று வேளையும் தட்டில் வைத்து மகள் வாசலில் கொண்டுபோய் வைப்பார். சந்தையில் வாங்கிய இஞ்சி.

"சன்னலுக்குக் கீழ பதினாறு சாக்கு இருக்கே தவுக்கே."

"அதை நான் தொடமாட்டேன்."

பிள்ளை பிறந்த நான்காம் நாள் என் வேலிக்கருகே வந்து நின்றார். காதெல்லாம் சிவந்திருந்தது. செடியைப் பார்த்துக்கொண்டே, "மிஸ்ஸி, அவளுக்குப் பால் வந்துருச்சு" என்றார். "நிக்கமாட்டேங்குது. சட்டை நனையுது. என்ன பண்ணணும்?"

குளிர்ந்த முட்டைக்கோஸ் இலையை வைத்துக் கட்டச் சொன்னேன். மறுநாள் போனால் அந்த மனுஷன் முட்டைக்கோஸ் இலையை அடுப்பில் வாட்டிச் சூடாக்கிக்கொண்டிருக்கிறார். "சூடா வெச்சா இன்னும்தான் சுரக்கும்! குளிர்ந்ததுன்னு எத்தனை தடவை சொன்னேன்?" என்று கத்தினேன். "பத்திய உடம்புல குளிர்ந்ததை எப்படி மிஸ்ஸி வைக்கிறது? காத்து புகுந்துருமே" என்று இலையைக் கையில் வைத்துக்கொண்டே அழுதார். நான் அவரிடமிருந்து அதை வாங்கிக்கொண்டேன். இருவருமாக நடு அடுப்படியில் நின்று அழுதோம்.

மூன்றாவது வாரத்தில் ஒரு நாள் காலை அவர் சாக்குகளின் முன்னால் மண்டியிட்டிருந்தார். கையில் சூப் குடிக்கிற பீங்கான் கரண்டி.

"என்ன பண்றீங்க?"

"எடுக்கிறேன்."

"எதை?"

"அன்னிக்குப் போட்டதை."

போட்ட மூன்று விரல் கனம் மண்ணை மட்டும், அதற்கு மேல் ஒரு கரண்டிகூட அதிகம் போகாமல், பழைய மண்ணின் நிறம் வந்ததும் நிறுத்தி நிறுத்தி, தொட்டியில் எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். இந்த நாட்களில் புது இஞ்சி விரல் விட்டிருந்தது. கரண்டி பட்டு அவை ஒடிந்தன. வாசனை எங்கள் வீட்டுக்குள் வரை வந்தது. ஒடிந்ததை ஓரமாகச் சேர்த்து வைத்துவிட்டு, சாக்கின் வாயைப் பழையபடி மடித்தார். சேவலின் தலை உள்ளே போனது. அப்படியே அடுத்த சாக்கு. பழைய உயரத்துக்குக் கொண்டுவந்துவிட்டால் அந்த வியாழக்கிழமையே நடக்காததுபோல் ஆகிவிடும் என்று நினைத்தாரோ என்னவோ.

எல்லாவற்றுக்கும் வாய் வைத்திருக்கிற எனக்கு அன்று ஒரு சொல் வரவில்லை. சொல்வதற்கு ஒன்று இருந்தது. யீனின் அந்தத் தாள் என் பையில்தான் இருந்தது. உண்மையாக எண்ணுகிறவள் குறிக்கிற மணி நாளுக்கு நாள் மாறும்: பத்தரை, பன்னிரண்டு, பதினொன்றே கால். அவளுடையதும் அப்படித்தான் மாறிக்கொண்டு வந்தது. கடைசி நான்கு நாள், செவ்வாயிலிருந்து வெள்ளி வரை, நான்கிலும் பத்து மணி. ஒரே மாதிரி எழுத்து. சனிக்கிழமை காலை அது என் கண்ணுக்குத் தெரிந்திருக்க வேண்டும். பின்னால் தெரிந்தபோது, அவள் இருக்கிற நிலையில் எப்படிக் கேட்பது என்று மடித்து வைத்துவிட்டேன். சீக்கிரம் போயிருந்தால் பிழைத்திருக்குமா என்று யாரும் என்னைக் கேட்காதீர்கள். எனக்குத் தெரியாது. தெரியாது என்பதோடுதான் நானும் இருக்கிறேன்.

முப்பதாவது நாள் வந்தது. பிள்ளை இருந்தால் அன்று தெருவெல்லாம் சிவப்புச் சாயம் தோய்த்த முட்டையும் ஊறவைத்த இஞ்சியும் வீடு வீடாகப் போயிருக்கும். பத்தியக்காரி அன்றுதான் முதல்முறையாகத் தலை குளிப்பாள். நான் லீவு போட்டுவிட்டுப் போய், இஞ்சி போட்டுக் காய்ச்சிய வெந்நீரில் அவளுக்குத் தலைக்கு ஊற்றினேன். அவள் தலையைத் துவட்டிக்கொண்டு, ஒரு மாதத்துக்குப் பிறகு முற்றத்துக்கு வந்தாள். வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கினாள். லாய் அவளுக்கு நாற்காலி கொண்டுவந்து போட்டார்.

அவள் உட்காரவில்லை. சாக்குகளைப் பார்த்தாள். "இதுக்குத் தலை வந்துச்சேப்பா. சன்னல்லேர்ந்து பார்த்தேனே."

லாய் நாற்காலியை அவள் பக்கம் இன்னும் கொஞ்சம் நகர்த்தினார்.

"யாரு மடிச்சது?"

"நான்தான்மா. அன்னிக்குப் போட்டதைத் திரும்ப எடுத்துட்டேன்." பிறகு ஒரு மாதமாகத் தொண்டையில் வைத்திருந்ததைச் சொன்னார். "தொட்டிருக்கக் கூடாது. உங்கம்மா இருந்தா தொட விட்டிருக்கமாட்டா. நீ சின்னப் பிள்ளை, போடுன்னு சொல்லிட்டே. எனக்கு எங்க போச்சு புத்தி? நான்தான் கொன்னுட்டேன்."

யீன் அந்த நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டாள். முடியிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"செவ்வாக்கிழமையே அசையலப்பா."

லாய் நிமிர்ந்தார்.

"செவ்வாய், புதன், ரெண்டு நாளும் அசையல. ஆன்ட்டி தாள்ல நான் சும்மா எழுதி வெச்சேன். ஆஸ்பத்திரிக்குப் போனா சொல்லிருவாங்க. போகாதவரைக்கும் ஒண்ணும் இல்லேன்னு இருக்கலாம்ல?" அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. "வியாழக்கிழமை தோணுச்சு. மண்ணைக் கிளறினா வயித்துல பிள்ளை திடுக்குன்னு துள்ளும்னு நீங்கதானே சொல்வீங்க. ஒரே ஒரு தடவை துள்ளட்டும்னுதான் போடச் சொன்னேன். வயித்துல ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டுப் படுத்திருந்தேன்."

வேலியோரம் ஒரு கோழி உலர்ந்த புல்லைக் கிளறிக்கொண்டிருந்தது. யாரும் அதை விரட்டவில்லை.

"துள்ளுச்சா?" என்று கேட்டார் லாய்.

"இல்லப்பா."

அவர் தன் இரண்டு கையையும் விரித்துப் பார்த்தார். நகத்தடியில் இன்னும் அந்த மண் இருந்தது. அந்தத் தெருவிலேயே பெரிய குரல் அவருடையது. மூன்று முழம் தள்ளி நின்ற எனக்கு அன்று அது சரியாகக் கேட்கவில்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருந்தா மண்ணை மூட்டையோட தொப்புன்னு போட்டிருப்பேனேம்மா. நான் பிடி பிடியா வெச்சேனே."